பந்திக்குப் பிந்து, படைக்கு முந்து!

முகமது அலியைப் பிடிக்காதவர் என்று இன்றைக்கு ஒருவரைக் காட்டுவது கஷ்டம். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில், பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஏராளம். 2005-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஒரு குடிமகனுக்குத் தரக்கூடிய மிக உயர்ந்த பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார். 2016 ஜூன் 3-ம் தேதி அவர் இறந்தபோது கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் அஞ்சலி செலுத்தினார்கள். 2019-ல் சொந்த ஊரான லூயிவில்லின் விமான நிலையத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

நல்லது, சந்தோஷம். ஆனால் இதே மனிதரை இதே நாடு 1967-ல் கோழை என்றது, துரோகி என்றது. பட்டத்தைப் பிடுங்கியது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது, ஐந்து வருடம் உள்ளே போ என்றது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம்.

இந்தக் கதையை இப்போது சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு சினிமா மாதிரி சொல்கிறார்கள். ஹீரோ கஷ்டப்பட்டார், கோர்ட்டில் ஜெயித்தார், மறுபடி சாம்பியன் ஆனார், நாடும் மனம் திருந்தியது, சுபம்! எனக்கு இந்த 'சுபம்' மீதுதான் சந்தேகம். அலி அன்று அமெரிக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்குக் கோர்ட்டும் பதில் சொல்லவில்லை, பதக்கம் கொடுத்தவர்களும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து அலியைக் கொண்டாடிக் கேள்வியை மறக்கடித்துவிட்டார்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

அப்படி என்ன நடந்தது?

1967 ஏப்ரல் 28. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மையத்தில் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். அந்த ஓர் அடியோடு நீங்கள் ராணுவ வீரர். அவ்வளவுதான் சடங்கு.

'கேஷியஸ் மார்செல்லஸ் க்ளே' என்று கூப்பிட்டார்கள். அது அவர் மூன்று வருடம் முன்பே விட்டுவிட்ட பெயர். அவர் நகரவில்லை. தனியறைக்கு அழைத்துப்போய், மறுத்தால் ஐந்து வருடம் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று எச்சரித்தார்கள். திரும்ப வந்து நின்றார். திரும்பக் கூப்பிட்டார்கள். அப்போதும் நகரவில்லை.

அப்போது அவருக்கு வயது 25. உலக ஹெவிவெயிட் சாம்பியன். தோல்வியே கண்டிராதவர். ஒரு குத்துச்சண்டை வீரனின் வாழ்க்கையில் அதைவிட நல்ல வயது கிடையாது.

அன்றைக்கே நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் அவருடைய லைசென்ஸை நிறுத்தி வைத்தது. உலகக் குத்துச்சண்டை சங்கமும் பட்டத்தைப் பறித்தது. கவனியுங்கள், அப்போது வழக்கு விசாரணைகூட ஆரம்பிக்கவில்லை! குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்வதற்கு இரண்டு மாதம் முன்பே தண்டனை கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 20-ம் தேதி ஹூஸ்டன் நீதிமன்றத்தில் தீர்ப்பு. ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். 21 நிமிடம் பேசி முடிவெடுத்தார்கள். சட்டம் அனுமதிக்கும் உச்சபட்ச தண்டனையை நீதிபதி கொடுத்தார். ஐந்து வருடம், 10,000 டாலர்.

எந்த நாட்டுக்காகப் போகச் சொன்னார்கள்?

அந்தக் காலத்து அமெரிக்கா எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் இந்த மறுப்பு புரியாது.

அலி 1942-ல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பிறந்தவர். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி இடம் என்று பிரித்து வைத்திருந்த ஊர். 18 வயதில் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக்கொண்டு 1960-ல் ஊர் திரும்பினார். அப்போதும் ஊரில் வெள்ளையர் ஓட்டல்களில் அவருக்குச் சாப்பாடு கிடையாது. அந்தக் கோபத்தில் பதக்கத்தை ஆற்றில் வீசினார் என்று ஒரு கதை உண்டு. அது நடக்கவே இல்லை, பதக்கம் எங்கோ தொலைந்துபோனது என்று அவருக்கு நெருக்கமானவர்களே சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். வீசினாரா தொலைத்தாரா என்பது முக்கியமில்லை. நாட்டுக்குத் தங்கம் வாங்கி வந்தவனுக்குச் சொந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி இல்லை என்பதுதான் முக்கியம்.

அதெல்லாம் 1964 சிவில் உரிமைச் சட்டத்தோடு முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் முடிந்தது. 1966 ஜனவரியில் அலபாமாவில், கடற்படையில் வேலை பார்த்துத் திரும்பிய சாமி யங் என்ற 21 வயதுக் கறுப்பின மாணவர், பெட்ரோல் பங்க்கில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டுக்காக யூனிஃபார்ம் போட்டவர்தான் அவரும்! அவர் இறந்த சில நாட்களில்தான் கறுப்பின மாணவர் அமைப்பான எஸ்.என்.சி.சி. வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்து அறிக்கை விட்டது.

இன்னொன்று. கறுப்பரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற சட்டங்கள் 16 மாநிலங்களில் அப்போதும் இருந்தன. அவற்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நாள் 1967 ஜூன் 12. அலிக்குத் தண்டனை விதித்த நாளுக்கு எட்டே நாள் முன்பு!

இப்போது ராணுவத்துக்கு ஆள் எடுத்த முறையைப் பாருங்கள். அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. யார் போக வேண்டும், யாருக்கு விலக்கு என்று முடிவு செய்தவை உள்ளூர் வாரியங்கள். கல்லூரியில் படித்தால் தள்ளிவைப்பு கிடைக்கும். கல்லூரிக்குப் போக முடிந்தவர்கள் யார்? பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். தேசியக் காவல் படையில் சேர்ந்துவிட்டால் அநேகமாக உள்நாட்டிலேயே காலம் தள்ளலாம். பல தொழில்முறை விளையாட்டு வீரர்கள் அப்படித்தான் தப்பித்தார்கள். 1960-களின் கடைசியில் அந்தப் படையில் இருந்த கறுப்பர்கள் 100-க்கு ஏறக்குறைய ஒருவர்தான். வாரியங்களில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களில் 1966-ல் கறுப்பர்கள் 100-க்கு இரண்டு பேர்கூட இல்லை. லூசியானாவில் ஒரு பெரிய வாரியத்தின் தலைவரே கூ க்ளக்ஸ் கிளான் இயக்கத்தின் முக்கியப் பொறுப்பாளர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

விளைவு? அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பர்கள் சுமார் 11 சதவீதம். போரின் ஆரம்ப வருடங்களான 1965, 66-ல் களத்தில் இறந்த அமெரிக்க வீரர்களில் அவர்கள் 20 சதவீதத்துக்கும் மேல். இதைப் பற்றிப் பெரிய கூச்சல் எழுந்த பிறகுதான் அந்த விகிதம் இறங்கியது. போர் முடிந்து மொத்தமாகக் கணக்குப் பார்த்தபோது 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தது. கூச்சல் போட்டால்தான் கணக்கு சரியாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நம்மூரில் 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று ஒரு பழமொழி உண்டு. அமெரிக்கா தன் கறுப்பின மக்களுக்கு அதை அப்படியே தலைகீழாக்கிக் கொடுத்தது. பந்திக்குப் பிந்து, படைக்கு முந்து!

தேர்வில் தோற்றவர் எப்படித் தேறினார்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1964-ல் ராணுவம் நடத்திய எழுத்துத் தேர்வில் அலி தேறவில்லை. தேற வேண்டிய நிலைக்கு ரொம்பக் கீழே இருந்தார். படிப்பு அவருக்கு அவ்வளவாக வராது. 'நான்தான் எல்லோரையும்விடப் பெரியவன் என்றேன், எல்லோரையும்விடப் புத்திசாலி என்று எப்போது சொன்னேன்' என்கிற மாதிரி அவரே கிண்டலடித்தார். ராணுவத்துக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு வியட்நாமில் போர் பெரிதானது. ஆள் பற்றவில்லை. தேர்வு மதிப்பெண் வரம்பைக் குறைத்தார்கள். 1966 பிப்ரவரியில் அலி திடீரென்று தகுதியுள்ளவர் ஆகிவிட்டார்! அவர் ஒரு எழுத்துகூட அதிகமாகப் படித்துவிடவில்லை. அரசாங்கத்தின் தேவைதான் மாறியிருந்தது.

அதே 1966-ல் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 'ப்ராஜெக்ட் 100,000' என்று ஒரு திட்டத்தையும் அறிவித்தார். முன்பு தேர்வில் தள்ளப்பட்டவர்களை ராணுவத்தில் சேர்த்து முன்னேற்றுகிறோம் என்பது அதற்குச் சொன்ன காரணம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கறுப்பர்கள். நல்ல பள்ளிக்கூடம் கொடுக்காமல் தேர்வில் தோற்க வைப்பது, ஆள் தேவைப்படும்போது அதே தோல்வியை மன்னித்து முன்வரிசைக்கு அனுப்புவது, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைப்பது. என்ன ஒரு கருணை!

தகுதி மாறிய செய்தியைப் பத்திரிகைக்காரர்கள் சொல்லிக் கருத்துக் கேட்டபோதுதான், வியட்காங்கோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று அலி சொன்னார். அந்த ஒரு வாக்கியம் நாடு முழுவதும் தீ மாதிரி பரவியது. அடுத்த போட்டி சிகாகோவில் நடக்க வேண்டியது, ரத்தானது. வேறு சில ஊர்களும் கைவிரித்தன. கடைசியில் கனடாவின் டொரண்டோவுக்குப் போய்ச் சண்டை போட்டார். பிறகு லண்டன், ஃப்ராங்ஃபர்ட் என்று அலைந்தார். சொந்த நாட்டு சாம்பியனுக்குச் சொந்த நாட்டில் மேடை இல்லை.

அந்த நேரத்தில் போரை எதிர்ப்பது ஃபேஷன் கிடையாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்கே 1967 ஏப்ரல் 4-ம் தேதிதான் நியூயார்க் தேவாலயத்தில் போரை எதிர்த்து அந்தப் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அதற்கே பெரிய பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் திட்டின. பொதுமக்களின் கருத்து போருக்கு எதிராகத் திரும்ப இன்னும் காலம் இருந்தது.

ஜோ லூயிஸ் என்ற பாடம்

'நாட்டுக்கு உழைத்தால் நாடு தானாக மதிக்கும், முதலில் கடமை, அப்புறம் உரிமை' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே வரலாறு இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியனை வைத்திருக்கிறது. பெயர் ஜோ லூயிஸ்.

1942-ல் லூயிஸ் தானே போய் ராணுவத்தில் சேர்ந்தார். அந்த வருடம் ஆடிய இரண்டு பட்டப் போட்டிகளின் வருமானத்தில் ஒன்றைக் கடற்படை நல நிதிக்கும் மற்றதைத் தரைப்படை நல நிதிக்கும் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் வீரர்களுக்காகக் காட்சிப் போட்டிகள் ஆடினார். போஸ்டரில் துப்பாக்கியோடு போஸ் கொடுத்தார். அவர் சேர்ந்தது எந்த ராணுவம்? கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்த ராணுவம்.

போர் முடிந்தது. வருமான வரித்துறை வந்தது. நாட்டுக்குக் கொடுத்த அந்தப் பணமும் அவருடைய வருமானம்தான் என்று வரி கேட்டது. அதுவும் மற்ற பாக்கிகளும் வட்டியும் சேர்ந்து பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. கடனுக்காக, ஓய்வு பெற்ற சாம்பியன் திரும்ப வந்து அடி வாங்கினார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியின் வாசலில் வருபவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை பார்த்தார். 1981-ல் இறந்த பிறகு ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள். கறிவேப்பிலை என்று சும்மாவா சொல்கிறோம்!

அலி விரும்பியிருந்தால் அவருக்கும் இதே பாதை இருந்தது. துப்பாக்கி பிடிக்க வேண்டியதில்லை, காட்சிப் போட்டி ஆடிக்கொண்டு பத்திரமாகத் திரும்பியிருக்கலாம். அதனால்தான் உயிருக்குப் பயந்து மறுத்தார் என்ற வாதம் நிற்காது. உயிருக்குப் பயந்தவன் சுலபமான வேலையைத் தேடுவான், சிறையைத் தேட மாட்டான். கனடாவுக்குப் போய்த் தங்கியிருக்கவும் வழி இருந்தது. பல இளைஞர்கள் போனார்கள். அலி போகவில்லை. உள்ளே போகிறேன், ஆனால் ஓட மாட்டேன் என்றார்.

எதிர்ப்பவர்கள் சொன்னதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இது கட்டுரை இல்லை, கட்-அவுட்.

முதலாவது, ஜாக்கி ராபின்சன் சொன்னது. பேஸ்பாலில் நிறவெறிச் சுவரை 1947-ல் உடைத்தவர் அவர். 1944-ல் ராணுவத்தில் இருந்தபோது பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்று, குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர். அவர் மகன் வியட்நாமில் காயம் பட்டவர். அப்படிப்பட்டவர் அலியின் முடிவு சரியில்லை என்றார். களத்தில் நிற்கும் கறுப்பின வீரர்களின் மனம் என்ன பாடுபடும் என்று கவலைப்பட்டார். இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. அலி போகாததால் வேறு எந்த ஏழை வீட்டுப் பையன் போனான் என்பது நிஜமான கேள்வி. ஆனால் அந்தப் பையனை அனுப்பியது அலி அல்ல. அனுப்பியது வாரியம். மறுத்தவனைப் பார்த்து 'உன்னால்தான் இன்னொருவன் போனான்' என்று சொல்லிவிட்டால், அனுப்பியவன் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மேடையில் மனிதனை ரத்தம் வரக் குத்துகிறவன் வன்முறை எனக்கு ஆகாது என்று எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வி. கேட்கச் சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றா? குத்துச்சண்டையில் எதிரில் நிற்பவனும் சம்மதித்து, கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறான். நடுவர் இருக்கிறார், மணி அடிக்கிறது. வியட்நாம் கிராமத்தில் குண்டு விழுந்த வீட்டுக்காரன் எதில் கையெழுத்துப் போட்டான்?

மூன்றாவதுதான் கனமானது. அலி அப்போது இருந்த 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பு இனங்கள் பிரிந்தே வாழ வேண்டும் என்று போதித்தது. வெள்ளையர்களைப் பிசாசு என்றது. அலியும் மேடைகளில் அதைத் திருப்பிச் சொன்னார். தன்னை அந்த வழிக்குக் கொண்டுவந்த மால்கம் எக்ஸ் அமைப்பை விட்டு விலகியபோது அவரைக் கைவிட்டார். தடைக்காலத்தில் தனக்காகப் பரிந்து பேசி லைசென்ஸ் கிடைக்க உதவிய ஜோ ஃப்ரேஸியரை, பின்னால் போட்டிக்கு ஆள் சேர்ப்பதற்காகக் 'கொரில்லா' என்று கேவலமாகப் பேசினார். ஒரு கறுப்பரைப் பார்த்து இன்னொரு கறுப்பர் சொல்லக்கூடிய வார்த்தையா அது? இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் கேள்வி கேட்டவர் மகானாக இருந்தால்தான் கேள்வி செல்லும் என்று ஒரு விதி இருக்கிறதா? அப்படி இருந்தால் அநியாயம் செய்பவர்களுக்குக் கொண்டாட்டம். கேட்டவனின் குறைகளைப் பட்டியல் போட்டே காலத்தைத் தள்ளிவிடலாமே! ஒரு மனிதனை எல்லாக் கதவுகளுக்கும் வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, சண்டை என்று வந்தால் மட்டும் 'இது உன் வீடு, வந்து காப்பாற்று' என்று சொல்வது நியாயமா? இதுதான் அலி கேட்டது. இதைக் கேட்க மகான் தேவையில்லை.

கோர்ட் நழுவிய விதம்

தண்டனைக்குப் பிறகு ஜாமீனில் வெளியே இருந்தார். பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டில் ஆட முடியாது, லைசென்ஸ் இல்லாததால் உள்நாட்டிலும் ஆட முடியாது. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிப் பிழைத்தார். 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை, மூன்றரை வருடத்துக்கும் மேல் ஒரு போட்டிகூட இல்லை. 25 வயதுக் கால்களோடு போனவர் 28 வயதில் திரும்பியபோது அந்தப் பழைய வேகம் முழுசாக வரவில்லை. முன்பு அடி படாமல் நழுவியவர், பிறகு அடி தாங்கி ஜெயிக்கப் பழகினார். அதற்கு அவர் உடம்பு என்ன விலை கொடுத்தது என்பதை அட்லாண்டாவில் நாம் பார்த்தோம்.

நியூயார்க் லைசென்ஸ் விஷயத்தில் 1970-ல் ஒரு நீதிபதி கொடுத்த தீர்ப்பு அருமையானது. கொலை, கொள்ளை முதலான குற்றங்களில் தண்டனை பெற்ற 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதே ஆணையம் முன்பு லைசென்ஸ் கொடுத்திருப்பது அங்கே வெளிவந்தது. அலிக்கு மட்டும் மறுத்தது தன்னிச்சையானது என்று நீதிபதி சொல்லிவிட்டார். கொன்றவன் ஆடலாம், கொல்ல மாட்டேன் என்றவன் ஆடக் கூடாது என்பதுதான் அதுவரை நடைமுறை!

முக்கிய வழக்கு 1971-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனசாட்சியின் பேரில் ராணுவத்தை மறுப்பவருக்கு விலக்கு வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகள். எல்லாப் போர்களையும் எதிர்க்க வேண்டும். அந்த எதிர்ப்பு மத நம்பிக்கையிலிருந்து வர வேண்டும். அது உண்மையானதாக இருக்க வேண்டும். அலியை நேரில் விசாரித்த முன்னாள் நீதிபதி ஒருவர் 1966-லேயே இவர் உண்மையானவர்தான், விலக்கு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். நீதித்துறை அமைச்சகம் அதை ஏற்காமல், மூன்று நிபந்தனையிலும் தேறவில்லை என்று மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதியது. வாரியமும் காரணமே சொல்லாமல் நிராகரித்தது.

உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல், முன்பு அரசு வழக்கறிஞராக இருந்த காரணத்தால் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். மீதி எட்டுப் பேர். பின்னால் வெளிவந்த விவரங்களின்படி, முதலில் 5-3 என்று அலிக்கு எதிராகத்தான் முடிவு இருந்தது. தீர்ப்பை எழுத வேண்டிய நீதிபதி ஹார்லன், உதவியாளர்கள் கொடுத்த புத்தகங்களைப் படித்து மனம் மாறினார். 4-4 ஆனது. சமமானால் கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிற்கும், அலி சிறைக்குப் போவார். அப்போது நீதிபதி ஸ்டூவர்ட் ஒரு சந்து கண்டுபிடித்தார். மூன்று காரணங்களில் இரண்டு தவறு என்று அரசாங்கமே இப்போது ஒப்புக்கொள்கிறது, வாரியம் எந்தக் காரணத்தால் நிராகரித்தது என்று தெரியவில்லை, ஆகவே தண்டனை செல்லாது. இதில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். 1971 ஜூன் 28-ல் 8-0 என்று விடுதலை.

அலி சொன்னது சரி என்று கோர்ட் சொல்லவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை. ஃபைலில் ஒரு ஓட்டை இருக்கிறது, போய் வா என்றது. அதுவரை அவரைத் திட்டியவர்களும் நிம்மதியானார்கள், ஆதரித்தவர்களும் கைதட்டினார்கள். கேள்வி அப்படியே கிடந்தது.

கொண்டாட்டம் என்ற மறதி

அதன் பிறகு நாடு அவரை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மேனை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார். 1980-ல் நம் சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். அந்த வருடம் இந்தியாவில் இருந்தபோதுதான் ஜனாதிபதி கார்ட்டரிடமிருந்து அழைப்பு வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசிவிட்டு வர வேண்டும். போனார். டான்சானியாவில் நிருபர்கள் அவரையே மடக்கினார்கள். 1976-ல் நிறவெறிக்கு எதிராக ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போனது என்று கேட்டார்கள். அலியால் பதில் சொல்ல முடியவில்லை. தான் ஒரு காலத்தில் கேட்ட மாதிரிக் கேள்வியே தன்னிடம் திரும்பி வந்தால் யாருக்குத்தான் பதில் வரும்!

1984-ல் பார்க்கின்சன் என்று தெரிந்தது. அந்த வாய் மெல்ல மெல்ல அடங்கியது. அவர் பேச முடிந்த காலத்தில் அவரை வெறுத்தார்கள், பேச முடியாத காலத்தில் பூஜித்தார்கள். 2005-ல் பதக்கம் மாட்டப்பட்டபோது அமெரிக்க வீரர்கள் ஈராக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். போரை மறுத்தவருக்குப் போர் நடத்தும் அரசு பதக்கம் கொடுக்கிறது, அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை!

2018-ல் இன்னும் ஒரு படி மேலே. அலிக்கு மன்னிப்பு வழங்குவது பற்றி யோசிப்பதாக ஜனாதிபதி டிரம்ப் சொன்னார். உச்ச நீதிமன்றமே தண்டனையை ரத்து செய்துவிட்டதே, எதற்கு மன்னிப்பு என்று அலி தரப்பு வழக்கறிஞர் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. யார் யாரை மன்னிக்க வேண்டும் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2016-ஐப் பாருங்கள். அலி இறந்த சில மாதங்களில், கோலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். கறுப்பர்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து அமைதியாக ஒரு காலை மடக்கினார், அவ்வளவுதான். அந்த சீசன் முடிந்த பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஜூன் மாதம் அலிக்கு அஞ்சலி செலுத்திய நாட்டில்தான் இதுவும் நடந்தது. 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று லீக் தலைவர் வருத்தம் தெரிவித்தார். அப்போதும் கேப்பர்னிக் பெயரை அவர் சொல்லவில்லை. இன்னும் 30 வருடம் கழித்து அவருக்கும் ஒரு பதக்கம் கிடைக்கலாம், யார் கண்டது!

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். எந்த ஊரிலும் விதி ஒன்றுதான். மறுத்தவனைப் பாராட்ட வேண்டுமென்றால் அவன் மறுத்த அன்றைக்குப் பாராட்ட வேண்டும். அன்றைக்கு அவன் பக்கத்தில் நிற்பதற்கு விலை உண்டு. 1967 ஜூனில் ஜிம் பிரவுன், பில் ரசல் போன்ற விளையாட்டு வீரர்கள் க்ளீவ்லாண்டில் கூடி, அலியைக் குடைந்து கேள்வி கேட்டு, உண்மையானவர் என்று தெரிந்ததும் பத்திரிகைகள் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அது ஆதரவு. 40 வருடம் கழித்துச் சிலை வைப்பது ஆதரவு இல்லை, அலங்காரம்.

'அலி மாதிரி ஒரு வீரன் இனி வருவானா' என்று பெருமூச்சு விடுகிறோம். வருவான். வந்துகொண்டேதான் இருக்கிறான். வரும்போது நாம் அவனை முதலில் என்ன பெயர் சொல்லித் திட்டுகிறோம் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.